பரணில் கிடந்த பெட்ரோமாக்ஸை மறுபடி எரிய வைக்க முடியுமா?

முத்துப்பேட்டைக்காரன்:
வீட்டை இடித்துக் கட்டுகிறோம். பரணில் தாத்தாவின் பெட்ரோமாக்ஸ் மண்ணெண்ணெய் விளக்கு அகப்பட்டது. பித்தளைத் தொட்டி நன்றாக இருக்கிறது, கண்ணாடியில் விரிசல், பம்ப் அடித்தால் காற்றே ஏறவில்லை. 2018 கஜா புயலில் பதினெட்டு நாள் மெழுகுவத்தியோடு கிடந்தோம், இது தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது! சரி பண்ண முடியுமா? உள்ளே தொங்கி ஒளிர்கிற மேண்டில் பையில் கதிர்வீச்சு இருக்கிறதாமே?

மன்னார்குடி வாடகைக்கடை:
தம்பி, பம்ப் கம்பி முனையில் தோல் வாஷர் இருக்கும், அது காய்ந்து சுருங்கியிருக்கும். கழற்றி ஒரு ராத்திரி தேங்காயெண்ணெயில் ஊறப்போடுங்கள். கண்ணாடியைக் கட்டாயம் மாற்றுங்கள். ஒரு ஐப்பசி மாப்பிள்ளை அழைப்பில் நாலு லைட் அனுப்பியிருந்தேன். தூறல் பட்டுச் சூட்டில் ஒரு கண்ணாடி தெறித்தது. சில்லு உள்ளே விழுந்ததும் மேண்டில் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. பாதி வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள், மேண்டில் காசுகூடத் தேறவில்லை.

மேண்டிலைத் திரி என்று நினைத்துத்தான் எல்லாரும் தொட்டுப் பார்க்கிறார்கள். தோரியம், சீரியம் உப்புகளில் நனைத்த துணிப்பை அது. முதல் தடவை கொளுத்தும்போதே நூல் எரிந்துபோய்ச் சாம்பல் வலைதான் மிஞ்சும். மண்ணெண்ணெய் ஆவி எரியும் சூட்டில் அந்தச் சாம்பல்தான் வெள்ளையாக ஒளிர்கிறது. ஆஸ்திரியாக்காரர் கார்ல் ஆவர் மேண்டிலுக்கு முதலில் காப்புரிமை வாங்கியது 1885இல், இந்தத் தோரியம்-சீரியம் கலவை 1891இல் வந்தது. தோரியத்துக்காக நம் குமரி மாவட்ட மணவாளக்குறிச்சி மணலும் ஒரு காலத்தில் ஜெர்மனிக்குக் கப்பலேறியது.

தோரியத்தில் லேசான கதிர்வீச்சு உண்டுதான். உதிர்ந்த தூளை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். இப்போது பல மேண்டில்களில் தோரியத்துக்குப் பதில் கதிர்வீச்சில்லாத இட்ரியம்தான். பெட்ரோல் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். மூடிய அறையிலும் வேண்டாம்.

ஆடுதுறை எலக்ட்ரீஷியன்:
அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. வெளிச்சம்தான் வேண்டுமென்றால் 9 வாட் எல்.இ.டி. பல்பு பழைய 60 வாட் குண்டு பல்புக்குச் சமம். பேட்டரி வைத்ததாக வாங்கினால் கரண்ட் போனாலும் சில மணி நேரம் தாங்கும்.

மன்னார்குடி வாடகைக்கடை:
பதினெட்டு நாள் தாங்குமா தம்பி?

முத்துப்பேட்டைக்காரன்:
வாஷர் குடை மாதிரி விரிந்துவிட்டது, காற்று ஏறுகிறது! அண்ணே, ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்கிவிட்டு பம்ப் அடிக்கணுமா, அடித்துவிட்டுச் சூடாக்கணுமா?

மன்னார்குடி வாடகைக்கடை:
சூடுதான் முதலில். குழாய் சூடேறாமல் அடித்தால் எண்ணெயாகவே பீய்ச்சும், புருவம் போய்விடும். எனக்குப் போயிருக்கிறது.