சோலார் பேனல் உள்ள வீட்டை இங்கிலாந்தில் வாங்கப் போகிறீர்களா?

லண்டனிலும் சுற்று வட்டாரத்திலும் வீடு தேடும் நம்மவர்கள் அடிக்கடி கேட்பது: "வீடு பிடித்திருக்கிறது, கூரையில் ஏற்கெனவே சோலார் பேனல் இருக்கிறது. நல்லதுதானே?" பேப்பர் சரியாக இருந்தால் நல்லதுதான். கரண்ட் பில்லே வராது என்று ஏஜென்ட் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கூரையை அண்ணாந்து பார்க்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். பேனல் யாருடையது? எந்த வருடம் போட்டது?

வருடம் ஏன் முக்கியம்? 2010 ஏப்ரலில் அரசாங்கம் ஃபீட்-இன் டாரிஃப் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. கூரையில் உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் காசு தருவார்கள், அந்த கரண்டை நீங்களே செலவழித்தாலும் சரி. வீட்டுக் கூரைக்கு ஆரம்பத்தில் யூனிட்டுக்கு 41.3 பென்ஸ். 2012 மார்ச்சில் அதைப் பாதியாக வெட்டினார்கள், அப்புறம் படிப்படியாகக் குறைத்து, 2019 மார்ச் 31-ஓடு புதிதாக யாரையும் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் முன்பே சேர்ந்தவர்களுக்குப் பணம் நிற்கவில்லை. 2012 ஆகஸ்டுக்கு முன் போட்டவர்களுக்கு 25 வருடம், அதற்குப் பின் என்றால் 20 வருடம். அதுவும் விலைவாசியோடு சேர்ந்து வருடாவருடம் ஏறும். ஆரம்பகாலத்து 41.3 பென்ஸ் இப்போது 70 பென்ஸைத் தாண்டிவிட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தென் இங்கிலாந்தில் தெற்கு பார்த்த கூரையில் 4 கிலோவாட் இருந்தால் வருடத்துக்கு 3,500 யூனிட் அளவில் வரும். 2011-இல் போட்டதென்றால் வருடம் 2,500 பவுண்டு போல, 2036 வரை, வருமான வரியும் இல்லாமல். அதே தெருவில் 2013-இல் அதே அளவு பேனல் போட்ட வீட்டுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் பெரிது. 2019-க்குப் பின் போட்டதென்றால் இந்தப் பணமே கிடையாது, கிரிடுக்கு (ஊர் பொது மின்கம்பி வலைக்கு) போகும் உபரி கரண்டை ஏதாவது ஒரு கம்பெனிக்கு விற்கலாம், அவ்வளவுதான். கீழிருந்து பார்த்தால் மூன்று கூரையும் ஒன்று போலத்தான் தெரியும்.

இனி, பேனல் யாருடையது என்ற கேள்வி. இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 2010-ஐ ஒட்டிய வருடங்களில் "இலவச சோலார்" என்று வீடு வீடாகப் போய் மாட்டினார்கள். கம்பெனி தன் செலவில் பேனல் போடும், வீட்டுக்காரர் பகலில் வரும் கரண்டை இலவசமாக எடுத்துக்கொள்வார், டாரிஃப் பணம் முழுவதும் கம்பெனிக்கு. அதற்காகக் கூரையையே 25 வருடம் கம்பெனிக்கு லீஸ் எழுதிக் கொடுத்திருப்பார்கள். வீட்டை வாங்கினால் அந்த லீஸையும் சேர்த்தே வாங்குகிறீர்கள். மார்ட்கேஜ் கொடுக்கும் வங்கிகள் அந்த லீஸைப் படித்துப் பார்க்கும், வாசகம் பிடிக்காவிட்டால் கடன் இழுத்தடிக்கும். சில கம்பெனிகள் ஒரு தொகை வாங்கிக்கொண்டு பேனலை விட்டுக்கொடுக்கும். அந்தத் தொகை விற்பவரின் தலையில் விழ வேண்டியது, உங்கள் தலையில் அல்ல.

இன்னொரு வகையும் உண்டு. பேனல் விற்பவருடையதுதான், ஆனால் வரப்போகும் டாரிஃப் பணத்தை மொத்தத் தொகைக்கு யாருக்கோ எழுதிக் கொடுத்திருப்பார். பேனல் உங்களுக்கு வரும், பணம் வராது.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது? நம் ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது போல, இங்கே லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் 7 பவுண்டு கட்டி டைட்டில் ரெஜிஸ்டரை இறக்கிப் பாருங்கள். கூரை லீஸ் பதிவாகியிருந்தால் அதில் இருக்கும். விலை பேசும் முன்பே இதைச் செய்துவிடலாம், சொலிசிட்டருக்காகக் காத்திருக்க வேண்டாம். அப்புறம், விற்பவர் நிரப்பித் தரும் டிஏ6 படிவத்தில் சோலாருக்கென்றே கேள்விகள் உண்டு: எந்த வருடம் போட்டது, முழுச் சொந்தமா, கூரையை லீஸுக்கு விட்டிருக்கிறதா. அந்த இடத்தில் "தெரியாது" என்றோ வெறும் கோடோ இருந்தால் சொலிசிட்டரை விடாதீர்கள். மலிவு விலை கன்வேயன்சிங்கில் (வீட்டுப் பத்திர வேலையில்) இதையெல்லாம் நீங்கள் கேட்டால்தான் பார்ப்பார்கள், கேட்காவிட்டால் அப்படியே நகர்ந்துவிடும்.

வீடு எவ்வளவு சிக்கனமாக எரிசக்தியைச் செலவழிக்கிறது என்று தரம் சொல்லும் இபிசி சான்றிதழை அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 'கிரீன் டீல்' என்ற கடன் ஏதாவது இருந்தால் அதில் குறிப்பிட்டிருக்க வேண்டும். அந்தக் கடன் ஆளோடு போகாது, வீட்டோடு ஒட்டிக்கொண்டு கரண்ட் பில்லில் வரும். அரிதுதான், ஆனாலும் பார்த்துவிடுங்கள்.

கையில் வாங்க வேண்டிய பேப்பர்களில் முதலாவது, பேனலைத் தரப்படி மாட்டியதற்கான எம்சிஎஸ் சான்றிதழ். இதில்தான் போட்ட தேதி, கிலோவாட், மாட்டிய கம்பெனி எல்லாம் இருக்கும். டாரிஃப் பணத்தை உங்கள் பெயருக்கு மாற்றவும் வேண்டும், உபரி கரண்ட் விற்கவும் பெரும்பாலும் வேண்டும். அப்புறம் கடைசியாக வந்த டாரிஃப் ஸ்டேட்மென்ட், இன்வெர்ட்டர் (பேனல் கரண்டை வீட்டுக்கு ஏற்ற கரண்டாக மாற்றும் பெட்டி) வாரண்டி, மின்வேலைச் சான்றிதழ், கிரிடு கம்பெனிக்குத் தகவல் சொன்ன கடிதம். மாட்டிய கம்பெனி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கம்பெனீஸ் ஹவுஸ் என்ற அரசுக் கம்பெனிப் பதிவகத்தின் தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். பல கம்பெனிகள் எப்போதோ மூடப்பட்டுவிட்டன. அப்படியென்றால் அவர்கள் தந்த வாரண்டியும் வெறும் காகிதம்தான்.

வீடு பார்க்கப் போகும்போது பகலில் போங்கள். ஃபியூஸ் பாக்ஸ் பக்கத்திலோ லாஃப்டிலோ (கூரைக்கு அடியில் உள்ள பரணிலோ) சின்னதாக ஒரு ஜெனரேஷன் மீட்டர் இருக்கும், பேனல் இதுவரை எத்தனை யூனிட் உற்பத்தி செய்தது என்று காட்டுவது அதுதான், வெயில் இருந்தால் அதில் சிவப்பு விளக்கு மினுக்கும். விளக்கை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், எண்ணைப் படம் எடுங்கள். 4 கிலோவாட், 13 வருடம் ஓடியிருக்கிறது, மீட்டரில் 45,000 யூனிட் என்றால் ஆரோக்கியமான சிஸ்டம். அதே சிஸ்டத்தில் 28,000-தான் என்றால் மரநிழல் விழுகிறது, அல்லது இன்வெர்ட்டர் செத்துப்போய் யாரும் கவனிக்காமல் மாதக்கணக்கில் கிடந்திருக்கிறது. நடுவில் மீட்டர் மாற்றியிருந்தாலும் எண் குறைவாகக் காட்டும், அதையும் கேளுங்கள். வீட்டை ஆய்வு செய்யும் சர்வேயர் கூரையில் பேனல் இருக்கிறது என்று எழுதுவார், வேலை செய்கிறதா என்று சோதிக்க மாட்டார்.

பேனல் 25 வருடம் தாங்கும், இன்வெர்ட்டர் அப்படியில்லை. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் போய்விடும். மாற்ற ஆயிரம் பவுண்டு அளவில் ஆகும். 2012-இல் வைத்த இன்வெர்ட்டர் இன்னும் ஓடுகிறது என்றால் அந்தச் செலவு உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம், விலையில் அதைக் கழித்துக் கேளுங்கள். பேனலுக்கு அடியில் புறா கூடு கட்டும் தொல்லையும் உண்டு. வலை அடிக்கச் சாரம் கட்ட வேண்டும், வலையைவிடச் சாரத்துக்குத்தான் அதிகம் அழ வேண்டியிருக்கும்.

நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. மூன்று பெட்ரூம் வாங்கி, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் தங்க லாஃப்டில் ஒரு ரூம் போட்டுவிடலாம் என்பது பாதிப் பேரின் திட்டம். லாஃப்ட் போடும்போது பின்பக்கக் கூரையை வெட்டி டார்மர் (கூரையிலிருந்து வெளியே நீட்டும் ஜன்னல் பகுதி) எழுப்புவார்கள். பேனலும் அதே பின்பக்கம் இருந்தால்? சொந்த பேனல் என்றால் கழற்றி, இடமிருந்தால் திரும்ப மாட்டலாம், டாரிஃப் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். லீஸ் கூரை என்றால் கம்பெனியின் அனுமதி இல்லாமல் ஒரு கூரை ஓட்டைக்கூடத் தொட முடியாது. பேனல் கீழே இருக்கும் நாட்களுக்கு அவர்களுக்கு நஷ்டஈடு கட்டச் சொல்லும் லீஸ்களும் உண்டு. லாஃப்ட் ஆசை இருப்பவர்கள் லீஸ் கூரை வீட்டை விட்டுவிடுங்கள் என்பேன்.

ஒரு தங்கை கேட்டிருந்தார்: "அண்ணா, சோலாருக்காக வீட்டு விலையில் பத்தாயிரம் கூடக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?" கொடுக்க வேண்டாம், ஒரே ஒரு விதிவிலக்கோடு. 2012 மார்ச்சுக்கு முன் சேர்ந்து, டாரிஃப் பணம் முழுவதும் உங்கள் பெயருக்கு மாறும் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தந்தால், மிச்ச வருடத்தைப் பெருக்கிப் பார்த்து ஒரு தொகை பேசலாம். மற்றபடி பழைய பேனலுக்கு விலை கிடையாது. இன்னும் ஒன்று தங்கச்சி, டிசம்பரில் வரும் கரண்ட் ஜூனில் வருவதில் ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். ஹீட்டிங்குக்கு அதிகம் தேவைப்படும் மாதத்தில் சூரியனே நாலு மணிக்குப் போய்விடுகிறது.

சாவி வாங்கும் நாளில் ஜெனரேஷன் மீட்டரைத் தேதி தெரியப் படம் எடுங்கள். டாரிஃப் தரும் கம்பெனியும் உங்களுக்கு கரண்ட் தரும் கம்பெனியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எந்தக் கம்பெனி, என்ன ஐடி என்று விற்பவரிடம் முன்பே எழுதி வாங்குங்கள். வீடு கைமாறிய ஆதாரத்தையும் மீட்டர் எண்ணையும் அனுப்பினால் பெயர் மாற்றித் தருவார்கள், தாமதித்தால் அலைச்சல் உங்களுக்குத்தான். வீட்டு இன்ஷூரன்ஸ்காரரிடமும் பேனல் இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

பில்டரிடம் நேரடியாகப் புது வீடு வாங்குபவர்களுக்கு லீஸ் தலைவலி பெரும்பாலும் இல்லை. ஆனால் எம்சிஎஸ் சான்றிதழைக் கேட்காமல் தர மாட்டார்கள். அது இல்லாமல் உபரி கரண்டை விற்கப் பதிவு செய்ய முடியாமல், கோடை முழுவதும் கிரிடுக்குத் தானம் செய்துகொண்டிருக்கும் வீடுகள் நிறைய. சாவி வாங்கும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு வைத்துவிடுங்கள், விற்கும் உபரியை அளக்க ஸ்மார்ட் மீட்டர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.