உலையில் கிட்டம் கட்டினால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

மன்னார்குடி பக்கத்தில் கொல்லுப்பட்டறை வைத்திருக்கிறேன். அப்பாவுக்குப் பிறகு நான். நிலக்கரி உலையோடு நாள் முழுக்கக் கிடப்பவர்களுக்குக் கிட்டத்தைத் தெரியாமல் இருக்காது. சிலர் சிட்டம் என்பார்கள். நெருப்புக்கு அடியில் சாம்பல் உருகி, ஒன்றோடொன்று ஒட்டி, கருங்கண்ணாடி மாதிரி கட்டியாகி, காற்று வரும் வாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். மேலே கரி நிறைய இருக்கும், புளோயரும் ஓடும், இரும்பு மட்டும் சூடேறாது. கரி போதவில்லை என்று நினைத்து இன்னும் நாலு கை அள்ளிப் போடுவோம். பல வருடம் நான் அப்படித்தான் கரியைக் கொட்டித் தீர்த்தேன்.

எனக்குப் புத்தி வந்தது கஜா புயலுக்குப் பிறகு. 2018 நவம்பர் 16 விடியற்காலை அது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியது. தென்னந்தோப்புகள் மொத்தமாகச் சாய்ந்து கிடந்தன. மறுநாளே பட்டறை வாசலில் ஆட்கள். ஒருவருக்குக் கோடாரி வாய் மழுங்கிவிட்டது, ஒருவருக்கு வெட்டரிவாள் புதிதாக வேண்டும், இன்னொருவருக்குக் கடப்பாரை முனையை நீட்டித் தர வேண்டும். கரண்ட் கிடையாது. பரணில் கிடந்த, கையால் சுற்றும் ஊதுசக்கரத்தை இறக்கினோம். கூரைத் தகரம் பறந்துபோனதில் கரிக்குவியல் சேற்றோடு சேறாகக் கிடந்தது. அவசரத்தில் அதையே அள்ளிப் போட்டேன்.

அரை மணிக்கு ஒருதரம் உலை செத்தது. நான் கம்பியை விட்டுக் கிண்டுவேன். கிண்டியதும் பொறி பறக்கும், கொஞ்சம் வெளிச்சம் வரும், அப்புறம் முன்னைவிட மோசமாகிவிடும். லாரியின் வில்பட்டை இரும்பில் அடித்துக்கொண்டிருந்த கோடாரியின் வாயில் அந்தப் பாகு ஒட்டிக்கொண்டு வந்தது. அதோடு சேர்த்து அடித்தால் இரும்பில் குழி விழும். உருக்கு வைத்துப் பற்றவைக்கும் இடத்தில் ஒட்டியிருந்தாலோ, இரண்டும் சேரவே சேராது.

அப்பா அப்போது வேலையை விட்டுவிட்டுத் திண்ணையில்தான் இருப்பார். எழுந்து வந்து சக்கரத்தை நிறுத்தச் சொன்னார். “ஒரு வெத்தல போடுற நேரம் சும்மா இருடா” என்றார். வாசலில் பத்துப் பேர் நிற்கிறார்கள், எனக்கோ உடம்பெல்லாம் எரிகிறது. அவர் காம்பைக் கிள்ளி, முதுகில் சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போட்டு, பாக்கையும் மென்று முடித்தார். பிறகு வளைந்த கம்பியை எடுத்தார். நடுவில் குத்தவில்லை. உலைச் சுவரை ஒட்டி அடிவரைக்கும் இறக்கி, ஒரே நெம்பு. முழுசாக வந்தது. சோற்றுத் தட்டு அகலம், நடுவில் காற்று வந்த ஓட்டை, பார்க்க மெதுவடை மாதிரி. மேல்புறம் கருப்பாக மினுங்கியது. அடிப்புறம் சொரசொரவென்று, வெந்த செங்கல் நிறம். குறடால் தூக்கி வெளியே வைத்ததும் தூறல் பட்டுச் சடசடவென்று வெடித்தது. உலையில் மீதி நெருப்பு கலையவே இல்லை. நாலு சுற்றுச் சுற்றியதும் வெள்ளையாகப் பிடித்துக்கொண்டது.

அப்பா செய்ததன் காரணத்தை, பாலிடெக்னிக் படித்த என் தம்பி மகன் பிறகு விளக்கினான். கரியில் இருக்கும் சாம்பல் வேறொன்றும் இல்லை, மண்தான்: மணல், களி, கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் சுண்ணாம்பு. கலவையைப் பொறுத்துப் பெரும்பாலும் 1,100 முதல் 1,400 டிகிரிக்குள் அது இளக ஆரம்பிக்கும். நன்றாக ஊதும் உலையின் நடுப்பகுதி அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். சாம்பல் அடியில் தன்பாட்டுக்குக் கிடந்தால் அவ்வளவாக இளகாது. கிண்டும்போது நாம்தான் அதை வெள்ளைச் சூட்டுக்குள் கொண்டுபோய்க் கலக்குகிறோம். இளகிய கிட்டத்தைக் குத்தினால் அது சிதறி ஒவ்வொரு கரித்துண்டிலும் அப்பிக்கொள்ளும். ஊதுவதை நிறுத்தி மூன்று நான்கு நிமிடம் விட்டால் இறுகி, ஒரே கட்டியாகக் கையில் வரும். வெற்றிலைக் கணக்கு அதுதான்.

சேறு ஒட்டிய கரியைப் போட்டது நான் செய்த பெரிய தப்பு. காவிரி வண்டலையே உலைக்கு ஊட்டியிருக்கிறேன். இப்போது கரியைக் கூடையில் போட்டு வாய்க்காலில் அலசிக் காயவைத்துத்தான் எடுக்கிறேன். கரியில் பித்தளை போலப் பளபளக்கும் கல் தெரிந்தால் பொறுக்கி எறிந்துவிடுவேன். அது இரும்பும் கந்தகமும் சேர்ந்தது, கிட்டத்துக்கு அதைப் போல உரம் வேறில்லை. பற்றவைக்க வரட்டியும் விறகும் அதிகம் போடுவதையும் குறைத்துவிட்டேன். அந்தச் சாம்பலில் இருக்கும் பொட்டாஷ், கரிச் சாம்பலைச் சீக்கிரம் இளக்கிவிடும்.

இன்னொன்று. நம் நாட்டுக் கரியில் சாம்பல் அதிகம், 100 கிலோவுக்கு 30, 40 கிலோ என்பது சாதாரணம். ஆனால் அந்தச் சாம்பல் சட்டென்று இளகுவதில்லை. சாம்பல் குறைவு என்று சொல்லி விற்ற வெளிநாட்டுக் கரியில்தான் எனக்குக் கிட்டம் அதிகம் கட்டியது. சாம்பல் எவ்வளவு என்று மட்டும் கேட்டுக் கரி வாங்காதீர்கள்.

உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

*

அண்ணா, மாயவரத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பா ரயில்வேயில் ஃபயர்மேன். மீட்டர்கேஜ் காலம், வைபி, வைஜி என்று இன்ஜின்களின் பெயர் எங்கள் வீட்டில் மாடுகளின் பெயர் மாதிரி புழங்கும். கிட்டம் என்ற சொல்லை உங்கள் பதிவில்தான் பார்க்கிறேன், அவர் எப்போதும் கிளிங்கர் என்பார்.

சின்ன வயதில் அண்ணனோடு லோக்கோ ஷெட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். ஒரு ராத்திரி சாம்பல் குழிமேல் இன்ஜினை நிறுத்தி நெருப்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல் நீளமான கம்பி. அப்பா முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு, அடுப்புக் கதவுக்குள் அதை விட்டு இழுத்தார். சிவப்பாக ஒரு பாளம் குழியில் விழுந்தது. அந்த வெளிச்சத்தில் அவர் முழங்கையில் முடியே இல்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். கருகிக் கருகி முளைப்பதை விட்டுவிட்டது போல.

ஓடும் வண்டியில் கிளிங்கர் கட்டினால் காற்று ஏறாது, ஸ்டீம் இறங்கும், மேடு வந்தால் வண்டி திணறும். நெருப்பு மெல்லிசாக, தட்டையாக, எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பார். ஓர் இடத்தில் குவித்துவிட்டால் அந்தக் குவியலுக்கு அடியில்தான் கட்டுமாம். மண்வெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி வீச வேண்டும். உங்கள் அப்பா சொன்ன பொறுமையை எங்கள் அப்பாவுக்கு ரயில் தரவில்லை. அதனால் கட்டாமல் பார்த்துக்கொள்வதிலேயே குறியாக இருந்தார். வீட்டில் குமுட்டி அடுப்பைக்கூட அம்மா கிண்டினால் அவருக்குப் பொறுக்காது.

*

ஐயா, நான் தஞ்சாவூர் பக்கம் அரிசி ஆலையில் பாய்லர் பார்க்கிறேன். எங்களுக்குக் கரி இல்லை, உமிதான். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா என்பதால் சுத்தமான உமி லேசில் உருகாது. ஒருமுறை உமி தட்டுப்பாட்டில் வைக்கோலைக் கலந்து எரித்தோம். இரண்டாம் நாளே கம்பித்தட்டு முழுக்கப் பச்சைக் கண்ணாடி போல அடைத்துக்கொண்டது. உளி வைத்துத்தான் பெயர்த்தோம். நீங்கள் சொன்ன அதே பொட்டாஷ் சமாச்சாரம். வைக்கோலில் உமியைவிட அது அதிகம். அதற்குப் பிறகு வைக்கோல் மாட்டுக்குத்தான்.

*

அண்ணே, திருத்துறைப்பூண்டி. ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவன். இந்த விஷயத்தில் ஒன்று அவசியம் சொல்ல வேண்டும்.

காஷ்மீரில் இரண்டு குளிர்காலம் இருந்தேன். அறையைச் சூடாக வைக்க புகாரி என்று ஓர் இரும்பு அடுப்பு உண்டு, புகை போகக் குழாய் கூரைக்கு மேலே போகும். அதில் நிலக்கரி போட்டு எரிப்போம். ஒருநாள் ராத்திரி கிட்டம் கட்டி, நெருப்பு மங்கிக்கொண்டே வந்தது. குளிருக்குப் பயந்து இருந்த இடுக்கையெல்லாம் கம்பளியால் அடைத்துவிட்டு, மேலே இன்னும் கரியைக் கொட்டினோம். நடுச்சாமத்தில் தலைவலி என்று எழுந்த தோழன் கதவுவரை நடக்க முடியாமல் விழுந்தான். அவன் விழுந்த சத்தத்தில்தான் நான் விழித்தேன். கதவைத் திறந்து இரண்டு பேரும் பனியில் போய் விழுந்ததால் பிழைத்தோம்.

கிட்டம் காற்றை அடைத்தால் கரி முழுசாக எரியாது. கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அதற்குப் பிறகு எவ்வளவு பனி பெய்தாலும் ஜன்னலை நாலு விரல் திறந்துதான் வைத்தோம். காலையில் நெருப்பு தணிந்திருக்கும்போதே கிட்டத்தை எடுத்துவிடுவோம். எடுத்ததை உடனே தண்ணீர் ஊற்றி அணைக்கவும் கூடாது. ஒருவர் அடுப்புக்குள்ளேயே ஊற்றி, வார்ப்பிரும்புத் தட்டு இரண்டாகப் பிளந்தது. நம் ஊர்ப் பட்டறை திறந்த இடம்தான், இருந்தாலும் மழைக்காலத்தில் ஷட்டரை இறக்கிவிட்டு வேலை செய்கிறோமே, அதனால் சொல்கிறேன்.

*

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் கை நடுங்கியது. ஐப்பசியில் சாரல் அடிக்கிறது என்று நானும் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு உலை ஊதியிருக்கிறேன். சாயங்காலம் தலை பாரமாக இருக்கும், வெயிலில்லாத நாளில் ஏன் இப்படி என்று வீட்டில் கேட்பார்கள். இன்றைக்கே கொத்தனாரை வரச்சொல்லி, உலைக்கு எதிர்ச்சுவரில் மேலே இரண்டு துவாரம் போடச் சொல்லியிருக்கிறேன்.

தங்கச்சி, உங்கள் அப்பா சொன்னதையும் செய்து பார்த்தேன். குவித்துப் போடாமல், ஒருகை ஒருகையாகக் கரியை ஓரத்திலிருந்து தள்ளிக்கொண்டே வந்தேன். மண்வெட்டி மூன்றுக்கு உருக்கு வைத்து முடிக்கும்வரை கிட்டத்தை ஒரே ஒருதரம்தான் எடுக்க வேண்டி வந்தது. இத்தனை வருடம் அப்பாவிடம் கேட்காமல் விட்டது இது.

எடுத்த கட்டிகள் படி ஓரத்தில் கிடக்கின்றன. மழை விட்டதும் உடைத்து வாசல் பள்ளத்தில் போட்டு, மேலே ஒரு சாண் மண் தள்ளிவிடுவேன். வயலிலிருந்து வெறுங்காலோடு வருகிறவர்கள்தான் அதிகம், அதன் விளிம்பு கண்ணாடியாக வெட்டும்.