கென்மு ஆண்டுக் கணக்கு: ஓர் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். காமகுராவிலிருந்த போர்வீரர் ஆட்சி வீழ்ந்த மறு ஆண்டான 1334இல் ஜப்பானியப் பேரரசர் கோ-தைகோ அறிவித்த 'கென்மு' சகாப்தத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவருகிறேன். ஹான் அரசமரபை மீட்ட சீனப் பேரரசர் குவாங்வுவின் சகாப்தப் பெயரையே அவர் எடுத்துக்கொண்டார், ஆசை பெரிதுதான்.

1336இல் அவர் அதை 'எங்கென்' என மாற்றிய பிறகும், எதிர்த்து நின்ற படைத்தலைவர் அஷிகாகா தகாவுஜியின் தரப்பு 1338 வரை பழைய பெயரையே தொடர்ந்தமையால், 1337ஆம் ஆண்டு தகாவுஜி தரப்பின் கியோத்தோ ஆவணங்களில் கென்மு 4 என்றும், கோ-தைகோ தரப்பின் யோஷினோ ஆவணங்களில் எங்கென் 2 என்றும் வழங்குகிறது. தமிழில் எழுதும்போது இரண்டையும் தருவதா, பொது ஆண்டை மட்டும் தருவதா?

பேரரசரின் ஆணையான 'ரின்ஜி'க்குத் அரசர் ஓலையைக் குறிக்கும் 'திருமுகம்' என்னும் சொல் பொருந்துமா என்பதையும் அறிந்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.