கிட் ஹூக்குகளை ஜாவாஸ்கிரிப்ட் மூலம் குழு முழுவதற்கும் நிறுவுவது எப்படி?

கேள்வி:
வணக்கம். எங்கள் நோட் திட்டத்தில் ஒவ்வொரு கமிட்டுக்கும் முன்பாக ஈஎஸ்லின்ட் (நிரலில் பிழைகளைத் தேடும் கருவி) ஓட வேண்டும் என்பதற்காக, ‘.கிட்’ கோப்புறைக்குள் இருக்கும் ‘ஹூக்ஸ்’ என்னும் இடத்தில் ப்ரீ-கமிட் ஹூக் (கமிட்டுக்கு முன் கிட் தானாக ஓட்டும் ஸ்கிரிப்ட்) ஒன்றை எழுதி வைத்தேன். என் கணினியில் அது ஒழுங்காக ஓடுகிறது. களஞ்சியத்தை க்ளோன் செய்யும் மற்றவர்களுக்கோ போய்ச் சேரவில்லை. ஒரே ஒரு கோப்பைத் திருத்தினாலும் திட்டம் முழுவதும் சோதிக்கப்படுவதால் வீணாகக் காத்திருக்கவும் வேண்டியுள்ளது. இவற்றுக்கு என்ன வழி?

பதில் 1:
அது போய்ச் சேராதது பிழையன்று, வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு. க்ளோன் செய்த மாத்திரத்தில் யாரோ எழுதிய நிரல் நம் கணினியில் தானாக ஓடத் தொடங்கினால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். கிட் 2.9 பதிப்பிலிருந்து ‘கோர்.ஹூக்ஸ்பாத்’ என்ற அமைப்பு உண்டு. ஹூக்குகளைக் களஞ்சியத்துக்குள்ளேயே ஒரு கோப்புறையில் வைத்து, அதை இந்த அமைப்பில் சுட்டிவிடலாம். ஹூக்குகளை நிர்வகிக்கும் ஹஸ்கி என்னும் தொகுப்பு செய்வதும் அடிப்படையில் இதுவே. பேக்கேஜ்.ஜேசான் கோப்பின் ‘ப்ரிப்பேர்’ ஸ்கிரிப்டில் ஹஸ்கியைச் சேர்த்துவிட்டால், ஒருவர் என்பிஎம் இன்ஸ்டால் கொடுக்கும்போதே அமைப்பு தானாக நடந்துவிடும். அதன்பின் பழைய இடத்தில் உள்ள உங்கள் ஹூக்கை கிட் கண்டுகொள்ளாது என்பதால், அதைப் புதிய கோப்புறைக்கு மாற்றிவிடுங்கள்.

பதில் 2:
வேகத்துக்கு லின்ட்-ஸ்டேஜ்டு என்னும் கருவி போதும். ஸ்டேஜ் செய்த (அடுத்த கமிட்டுக்கெனத் தேர்ந்தெடுத்த) கோப்புகளின் பெயர்களை மட்டுமே அது ஈஎஸ்லின்டிடம் கொடுக்கும். ஒரு கோப்பின் பாதி மாற்றங்களை மட்டும் ஸ்டேஜ் செய்திருந்தால், மீதியைத் தற்காலிகமாக ஒதுக்கி வைத்து, சோதனை முடிந்ததும் திருப்பி வைக்கும்; சொந்தமாக எழுதும் ஸ்கிரிப்டுகள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான்.

கேட்டவர்:
நன்றி, இரண்டும் நிறைவேறின. முனையத்திலிருந்து கமிட் செய்தால் சிக்கல் இல்லை. வரைகலைச் செயலியிலிருந்து செய்யும் ஒருவருக்கு மட்டும் ‘நோட் கட்டளை கிடைக்கவில்லை’ என்று வருகிறது.

பதில் 1:
அவர் நோடை என்விஎம் (நோட் பதிப்புகளை நிர்வகிக்கும் கருவி) வழியாக நிறுவியிருக்கக்கூடும். என்விஎம் தன் பாதையை ஷெல்லின் தொடக்கக் கோப்பில் சேர்க்கிறது. வரைகலைச் செயலி அக்கோப்பைப் படிக்காமலே ஹூக்கை ஓட்டுவதால் நோட் இருக்குமிடம் அதற்குத் தெரிவதில்லை. ஹஸ்கி ஒவ்வொரு ஹூக்குக்கும் முன்னால் படிக்கும் தொடக்கக் கோப்பு ஒன்று பயனரின் கான்ஃபிக் கோப்புறையில் இருக்கலாம். என்விஎம்மை ஏற்றும் வரியை அதில் எழுதச் சொல்லுங்கள்.

பதில் 3:
‘நோ-வெரிஃபை’ என்று கொடுத்து ப்ரீ-கமிட்டை எவரும் தாண்டிச் செல்லலாம் என்பதால், அதே ஈஎஸ்லின்ட் சோதனையை சிஐ-யிலும் (மாற்றங்களைச் சர்வரில் தானாகச் சோதிக்கும் ஏற்பாடு) கட்டாயமாக வையுங்கள். சர்வரில் டெவ் சார்புகளை (உருவாக்கத்தின்போது மட்டும் தேவைப்படும் தொகுப்புகளை) விட்டுவிட்டு நிறுவுவீர்களானால், அங்கே ஹஸ்கி இல்லாமல் ப்ரிப்பேர் ஸ்கிரிப்ட் தோற்று, நிறுவலே நின்றுவிடும். ஹஸ்கி கிடைக்காவிட்டாலும் வெற்றியாகவே முடியும்படி அந்த வரியை மாற்றிவிடுங்கள்.