தாந்தேயின் விளக்குக்கு எண்ணெய் தரும் ஊர்

நிலாமுற்றம்:

இத்தாலியில் எனக்குக் கிடைத்தது நான்கே நாள். பொலோன்யா, ரவென்னா, ஃப்ளாரன்ஸ். தனியாகத்தான் போனேன்.

பொலோன்யா ஸ்டேஷனில் ரவென்னா போகும் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றிருந்தேன். பக்கத்தில் நின்ற பாட்டி என் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு ஒரு சின்ன மெஷினைக் கைகாட்டினார். எனக்குப் புரியவில்லை. அவரே கூட்டிக்கொண்டு போய் டிக்கெட்டை அதில் நுழைத்து, தேதியும் நேரமும் பதிந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். அது பதியாமல் ஏறினால் அபராதம் என்று அப்புறம்தான் தெரிந்தது. காகித டிக்கெட் வாங்குகிறவர்கள் மறந்துவிடாதீர்கள்.

நான் ரவென்னா போனது மொசைக் பார்க்க, அதாவது சின்னச் சின்ன வண்ணத் துண்டுகளைச் சுவரிலும் கூரையிலும் பதித்துச் செய்த ஓவியங்களை. ரோமப் பேரரசி காலா பிளாசிடியாவின் பெயரிலுள்ள நினைவு மண்டபம் வெளியே வெறும் செங்கல் கட்டடம்தான். உள்ளே போய்க் கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். ஜன்னல்களில் கண்ணாடி கிடையாது, மெல்லிய அலபாஸ்டர் கல். அதன் வழியே தேன் நிறத்தில் வெளிச்சம் கசிகிறது. அண்ணாந்தால் கருநீலக் கூரை முழுக்கப் பொன் நட்சத்திரங்கள். 5ஆம் நூற்றாண்டு வேலை! பக்கத்திலேயே சான் விட்டாலே தேவாலயம், கி.பி. 547இல் அர்ப்பணிக்கப்பட்டது. அதையும் விடாதீர்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது இத்தாலியின் பெருங்கவிஞர் தாந்தேயின் கல்லறையைப் பற்றி. சின்ன மண்டபம், உள்ளே ஒரு எண்ணெய் விளக்கு எரிகிறது. வாசலில் நின்ற ஒரு பெரியவர் விளக்கைக் காட்டி, “எண்ணெய் ஃப்ளாரன்ஸிலிருந்து வருகிறது” என்றார். பாதி ஆங்கிலம், பாதி கைஜாடையில் கதை முழுவதையும் சொன்னார். 1302இல் ஃப்ளாரன்ஸ் தாந்தேயை ஊரைவிட்டுத் துரத்தியது. 1321இல் அவர் இங்கே இறந்துபோனார். பிறகு எலும்புகளையாவது கொடுங்கள் என்று ஃப்ளாரன்ஸ் கேட்டது. 1519இல் போப்பின் அனுமதியோடு ஆட்கள் வந்து பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. பக்கத்து மடத்துத் துறவிகள் சுவரில் துளை போட்டு எலும்புகளை எடுத்து ஒளித்துவிட்டார்கள். 1865இல் ஏதோ கட்டட வேலையின்போதுதான் அவை திரும்பக் கிடைத்தன. அந்தத் துளையைச் சொல்லும்போது பெரியவர் தன் வீட்டுச் சொத்தைக் காப்பாற்றிய மாதிரி நெஞ்சில் கை வைத்தார். இப்போது ஒவ்வொரு செப்டம்பரும் ஃப்ளாரன்ஸ் அந்த விளக்குக்கு எண்ணெய் கொண்டுவந்து கொடுக்கிறதாம்.

இரண்டாம் உலகப் போரில் குண்டுக்குப் பயந்து எலும்புகளை மறுபடி மண்ணில் புதைத்து வைத்த மேட்டுக்கும் கூட்டிப்போனார். 1944 மார்ச் முதல் 1945 டிசம்பர் வரை என்று கல்லில் எழுதியிருக்கிறது.

மறுநாள் ஃப்ளாரன்ஸில் நேரே சாந்தா குரோச்சே தேவாலயத்துக்குப் போனேன். அங்கே தாந்தேக்குப் பெரிய பளிங்குக் கல்லறை இருக்கிறது. உள்ளே யாரும் இல்லை. அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன்.

ஈரமண்:

நீலக் கூரை என்றதும் இத்தாலியின் பதுவா நகரம் நினைவு வந்தது. அங்கே ஸ்க்ரோவேன்யி சிற்றாலயத்தில் ஓவியர் ஜொத்தோ 1305 வாக்கில் தீட்டிய கூரையும் நட்சத்திர நீலம்தான். நாம் கொண்டுபோகும் ஈரமும் தூசியும் ஓவியத்தைக் கெடுக்காமலிருக்க முதலில் ஒரு கண்ணாடி அறையில் 15 நிமிடம் உட்கார வைக்கிறார்கள். உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். முன்பதிவு கட்டாயம். நானும் தனியாகத்தான் போயிருந்தேன். எங்கே பார்ப்பது என்று திணறியபோது பக்கத்திலிருந்த ஒரு மாணவி இயேசுவைக் காட்டிக்கொடுக்க யூதாஸ் அவரை முத்தமிடும் காட்சியைக் காட்டி, “இது ஒன்றை மட்டும் பாருங்கள்” என்றாள். பார்த்தேன். இரண்டு முகங்களும் அவ்வளவு கிட்டத்தில். மணி அடிக்கும்வரை வேறெங்கும் திரும்பவில்லை.

நிலாமுற்றம்:

அந்த மாணவியும் என் பெரியவர் மாதிரிதான் போலிருக்கிறது. சரி, அடுத்த முறை பதுவாவுக்கு முதலிலேயே டிக்கெட் போட்டுவிடுகிறேன்.