எலுமிச்சைப்புல் தேநீரும் ‘இன்ஃப்யூஷ’னுக்கு ஒரு சொல்லும்

தர்மபுரியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். எலுமிச்சைப்புல் தேநீருக்கு ஒரு பக்கச் செய்முறைத் தாள் எழுதும்போது ஒரு சொல் இல்லாமல் இடறுகிறது. கையில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை “புல்லைப் போட்டு நன்றாகக் கொதிக்க விடவும்” என்கின்றன. அப்படிச் செய்தால் வைக்கோல் ஊறின தண்ணீர்தான் மிஞ்சும்.

இந்தப் புல்லின் மணம் பெரும்பாலும் சிட்ரால் என்ற பொருளிலிருந்து வருகிறது. அது நீராவியோடு சேர்ந்து கிளம்பிவிடும். எண்ணெய் வடிக்கும் இடத்தில் செய்வதும் இதுதான்: புல்லுக்குள் நீராவியைச் செலுத்தி, வெளியே வருவதைக் குளிரவைத்துப் பிடிக்கிறார்கள். திறந்த பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதித்தால் சமையலறை மணக்கும், டம்ளரில் ஒன்றும் இருக்காது.

சரியான முறை இது. 250 மில்லி தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைக்க வேண்டும். புல்லின் நீளமான தாள் (இலை) ஐந்தாறு, சுமார் 10 கிராம், இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாகக் கத்தரித்துப் போட்டு, அந்த நொடியே மூடிவிட வேண்டும். 7 அல்லது 8 நிமிடம். தட்டைத் தூக்கும்போது அதன் அடியில் முத்து முத்தாகத் துளிகள் நிற்கும். ஒரு துளியை விரலில் எடுத்து முகர்ந்தால் புல்லின் மணம் முழுவதும் அதில் இருப்பது தெரியும். தட்டைச் சாய்த்து அவற்றைப் பாத்திரத்துக்குள்ளேயே விழவிட வேண்டும்.

இப்படிக் கொதிநீரில் போட்டு மூடிவைப்பது இன்ஃப்யூஷன். அடுப்பில் வைத்தே காய்ச்சிச் சாரம் எடுப்பது டிகாக்‌ஷன். இரண்டையும் நாம் “கொதிக்க வைத்து” என்றே எழுதுவதால்தான் செய்முறை கெடுகிறது. முதலாவதற்கு ‘ஊறல்’ என்று வைக்கலாமா?

அரூரிலிருந்து:

ஐயா, பொருள் பொருந்துகிறது, ஆனால் நம் மாவட்டத்தில் அந்தச் சொல் பிடிபட்டுப் போயிற்று. “ஊறல் அழிப்பு” என்றால் வெல்லமும் வேலம்பட்டையும் போட்டுப் புளிக்கவைத்த சாராயப் பானை என்றுதான் இங்கே எல்லோருக்கும் படும். தனிச் சொல்லாக ஊறல் என்று தலைப்புப் போட முடியாது. தவிர, அது புளித்தலைக் குறிக்கிறது. நாம் சொல்வது பத்து நிமிட வேலை.

வீட்டில் ஏற்கெனவே புழங்கும் சொல் ஒன்று உண்டு. காபி பில்டரைப் பார்த்து “டிகாக்‌ஷன் இறங்கிருச்சா?” என்று கேட்கிறோம். தூளின் சாரம் தண்ணீரில் சேர்வதற்கு ‘இறங்குதல்’ அழகாக இருக்கிறது. (பில்டரில் இறங்குவது உண்மையில் டிகாக்‌ஷனே இல்லை. அதில் தூளைக் காய்ச்சுவதில்லை, வெந்நீர் ஊற்றி வடியவிடுகிறோம். கடன் வாங்கிய சொல் பொருள் மாறி ஒட்டிக்கொண்டது.) எனவே ‘இறக்கம்’ என் பரிந்துரை.

ஓசூரிலிருந்து:

> எனவே ‘இறக்கம்’ என் பரிந்துரை.

அண்ணா, “பாத்திரத்தை இறக்கவும்” என்ற வரி செய்முறையில் எப்படியும் வரும். இரண்டும் மோதும். ஆனால் ‘சாரம் இறங்குதல்’ என்ற வினையை விட்டுவிடக் கூடாது. “7 நிமிடத்தில் சாரம் இறங்கிவிடும்” என்று எழுதினால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

பெயருக்குச் சித்த மருத்துவத்தைப் பார்க்கலாம். அக மருந்து 32 வகையில் குடிநீர் உண்டு, தேனூறல் உண்டு, தீநீர் உண்டு. குடிநீர் என்பது எட்டொன்றாக, நாலொன்றாக வற்றக் காய்ச்சுவது, அதாவது டிகாக்‌ஷன். தீநீர் என்பது வாலை என்ற வடிகலத்தில் ஆவியாக்கி வடிப்பது, ஓமத் தீநீர் போல. தேனூறல் என்றால் இஞ்சியோ நெல்லிக்காயோ தேனில் ஊறுவது. அதைக் கேட்டு எவரும் சாராயப் பானையை நினைப்பதில்லை, முன்னால் ‘தேன்’ நிற்பதால். அதே வார்ப்பில் வெந்நீரூறல் என்று சொல்லலாம். குளிர்ந்த தண்ணீரில் ஆறேழு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பதற்குத் தண்ணீரூறல். எதில் ஊறுகிறது என்பது சொல்லிலேயே இருக்கிறது.

இன்னொன்று. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெந்நீரூறலுக்கு அதனால் நட்டமில்லை. மெல்லிய எவர்சில்வர் டம்ளரில் போட்டால்தான் சூடு சீக்கிரம் இறங்கி மணம் வராமல் போகும். கனமான பாத்திரம் நல்லது. தாளில் அதையும் எழுதுங்கள்.

பென்னாகரத்திலிருந்து:

இந்தச் சொற்பிரிவு நம் ஊருக்கு ஏன் அவசரம் என்று ஒரு காரணம் சேர்க்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (அந்த மிகுதியால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) தணிப்பு இருக்கிறது. ஃபுளோரைடு கொதித்தால் போகாது. தண்ணீர் மட்டும் ஆவியாகும், உப்பும் ஃபுளோரைடும் அடியில் தங்கும். ஒரு லிட்டர் போர் தண்ணீரைக் கால் லிட்டராகச் சுண்டக் காய்ச்சினால் அதன் செறிவு நான்கு மடங்கு. “கொதிக்கக் கொதிக்கச் சத்து” என்று நம்பிப் புல்லைக் குடிநீர் முறையில் காய்ச்சுகிறவர்கள் மணத்தை இழந்து இதைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

தேயிலைச் செடியும் மண்ணிலிருந்து ஃபுளோரைடை இலையில் சேர்த்துவைக்கும். பகலில் நாலு டீ குடிக்கிற வீட்டில் இரண்டை எலுமிச்சைப்புல்லுக்கு மாற்றுவது இங்கே பயனுள்ள மாற்றம். காவிரித் தண்ணீரோ ஆர்.ஓ. கருவியில் சுத்திகரித்த தண்ணீரோ எடுங்கள். தாளில் “குடிநீர் முறை அல்ல, வெந்நீரூறல்” என்று தடித்த எழுத்தில் போட வேண்டும். ‘குடிநீர்’ என்பதைக் குழாய்த் தண்ணீர் என்று படிக்கிறவர்களுக்காக, பக்கத்தில் ‘கசாயம்’ என்றும் போடலாம்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து:

எல்லோரும் புல்லின் தாளையே பேசுகிறீர்கள். அடித்தண்டுக்கு இது ஒத்துவராது. தூரை ஒட்டிய 10 சென்டிமீட்டர் வெள்ளைத் தண்டு நார் மிகுந்தது. வெளி மடல் இரண்டை உரித்து, உலக்கைப் பூணாலோ குழவியாலோ நசுக்கிப் போட்டாலும் வெறும் கொதிநீரில் எட்டு நிமிடத்தில் பாதிதான் இறங்கும். அதற்கு மூடி போட்டுச் சிறுதீயில் 5 நிமிடம் வைத்து, அணைத்து, பிறகு தாளைச் சேர்த்து 7 நிமிடம் விட வேண்டும். இது கசாயமும் அல்ல, முழு வெந்நீரூறலும் அல்ல. பிரியாணிக்கு நாம் சொல்லும் ‘தம்’தான் கிட்டே வருகிறது. ‘மூடிச் சிறுதீ’ என்று எழுதலாம்.

பெயரால் இன்னொரு குழப்பம்: எலுமிச்சை என்றதும் பால் திரிந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். எங்கள் பக்கம் கன்னடத்தில் இதை மஜ்ஜிகே ஹுல்லு, மோர்ப்புல் என்பார்கள். அதுவும் அந்தப் பயத்தைக் கூட்டும். புல்லில் மணம்தான் எலுமிச்சை, அந்தப் புளிப்பு கிடையாது, பால் திரியாது. திரிகிறதென்றால் கூடப் போட்ட பச்சை இஞ்சியைப் பாருங்கள். இஞ்சியை முதலில் தண்ணீரில் மூன்று நான்கு நிமிடம் கொதிக்கவிட்டுப் பிறகு பால் சேர்த்தால் பிரச்சினை வராது.

புல் தாளின் விளிம்பு அரம் மாதிரி கையை அறுக்கும். நீளவாக்கில் உருவாமல் கத்தரியால் நறுக்கச் சொல்லுங்கள். சிம்பு தொண்டையில் குத்தும், டீ வடிகட்டி போதாது, துணியில் வடிகட்ட வேண்டும்.

தர்மபுரியிலிருந்து:

தேன்கனிக்கோட்டை அம்மா சொன்ன தண்டு விஷயம் பெரிய திருத்தம். எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவிட்டேன். முறைக்கு ‘வெந்நீரூறல்’, வினைக்குச் ‘சாரம் இறங்குதல்’, கால அளவுக்கு ‘ஊறுநேரம்’, தண்டுக்கு ‘மூடிச் சிறுதீ’. ஊறுநேரம் 15 நிமிடத்தைத் தாண்டினால் பச்சை வாடையும் கசப்பும் ஏறும் என்று ஒரு வரி வைத்திருக்கிறேன். ஃபிளாஸ்க்கில் ஊற்றுவதானால் வடிகட்டிய பிறகே ஊற்ற வேண்டும் என்றும். தேயிலை இல்லாத பானத்தைத் ‘தேநீர்’ என்பது சரியா என்ற கேள்வியை இப்போது திறக்கவில்லை. தலைப்பு தேநீராகவே இருக்கட்டும், தேடுகிறவர்கள் அந்தப் பெயரில்தான் தேடுவார்கள்.

அரூரிலிருந்து:

வெந்நீரூறல் எனக்கும் சம்மதம், ஐயா. ஒரு வரி விட்டுப்போயிற்று: வடிகட்டும்போது துணியை முறுக்கிப் பிழிய வேண்டாம். தானாக வடியட்டும். பிழிந்தால் தண்ணீர் கலங்கி, கடைசி வாய் கசக்கும்.