பவர்பால் குலுக்கலில் திங்கட்கிழமை எப்படி வந்தது?

கேள்வி: அமெரிக்காவின் பவர்பால் லாட்டரிக் குலுக்கல் முன்பு புதன், சனி மட்டும்தானே? திங்களையும் ஏன் சேர்த்தார்கள்? பத்துக் குலுக்கலுக்கு மொத்தமாக வாங்கும் சீட்டு என்னாகும்?

பதில் 1: 2021 ஆகஸ்ட் 23 முதல் திங்களும் உண்டு. முதல் பரிசு யாருக்கும் விழாவிட்டால் தொகை அடுத்த குலுக்கலோடு சேரும். வாரம் மூன்று முறை சேர்ந்தால் சீக்கிரம் பெருகும். தொகை பெருத்தால்தான் விற்பனை சூடுபிடிக்கும். செவ்வாயும் வெள்ளியும் மெகா மில்லியன்ஸ் என்ற இன்னொரு லாட்டரியின் குலுக்கல் நாட்கள், அதோடு மோதாத நாள் திங்கள்.

பதில் 2: பத்துக் குலுக்கல் முன்பு ஐந்து வாரம் வரும். இப்போது மூன்று வாரத்தைத் தாண்டியதுமே முடிந்துவிடும். சீட்டில் அச்சான கடைசிக் குலுக்கல் தேதியைப் பாருங்க, பலர் கோட்டை விடுவது அங்கேதான். 2 டாலர் சீட்டுக்கு வாரச் செலவும் 4லிருந்து 6 டாலர்.

பதில் 3: ஒரு சீட்டின் வாய்ப்பு துளியும் கூடவில்லை நண்பரே. 69 எண்களில் ஐந்தும், தனியாக 26 எண்களில் ஒன்றும் சரியாகப் பொருந்தினால்தான் முதல் பரிசு. அதற்கான வாய்ப்பு இப்போதும் 29.2 கோடியில் ஒன்றுதான்.